1-அ-2-ஆ: எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷனை அளப்பது எப்படி?

குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் போன் வருகிறது, பேசி முடித்த பிறகும் இதுவரை எத்தனை விசில் என்று நினைவிருக்கிறது. இதற்குத்தான் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று பெரிய பெயர். வாயில் தானாக வருவதை அடக்குவது, மனதில் வைத்திருப்பதை அவ்வப்போது புதுப்பிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது என்று மூன்று வேலைகளை இதில் முக்கியமாகச் சேர்க்கிறார்கள். மூன்றும் வேறுவேறுதான், ஆனால் உறவு விட்டுப்போகாத பங்காளிகள் என்று 2000இல் உளவியலாளர் மியாகே குழுவினர் காட்டினார்கள்.

சரி, தாவுவதை மட்டும் வீட்டில் அளந்து பார்ப்போம். டிரெயில் மேக்கிங் என்ற பழைய சோதனைக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 25 வட்டம். முதல் தாளில் 1 முதல் 25 வரை வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். இரண்டாவதில் 1-ஏ-2-பி என்று எண்ணும் ஆங்கில எழுத்தும் மாறிமாறி வரும், 13 எண், 12 எழுத்து. நம் உயிரெழுத்தும் சரியாக 12! அதனால் 1-அ-2-ஆ என்று தமிழிலேயே தயாரித்துவிடலாம். வட்டங்களைக் கன்னாபின்னாவென்று சிதறடியுங்கள், ஆனால் இரண்டு தாளிலும் போடவேண்டிய கோட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். தப்பாக இணைத்தால் கடிகாரத்தை நிறுத்தாமல் கடைசியாகச் சரியாகத் தொட்ட வட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம் இரண்டாவது நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழியுங்கள். கண்ணால் தேடும் நேரமும் கை ஓடும் நேரமும் இரண்டிலும் இருப்பதால் கழிந்துவிடும், மிச்சம் தாவுவதற்கான செலவு.

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஐ வரைக்கும் ஓடினேன், அடுத்து என்ன என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் அ, ஆ, இ, ஈ என்று முதலிலிருந்து முணுமுணுத்தேன். அதே தாளைக் கொடுத்தபோது அம்மா நிற்கவே இல்லை. அப்படியென்றால் என் தாள் எதை அளந்தது? தாவலையா, ஒன்றாம் வகுப்புத் தமிழையா? இந்தத் துறையின் தீராத தலைவலியே இதுதான், எந்தச் சோதனையும் சுத்தமாக ஒரே திறனை அளப்பதில்லை, வேறு ஏதாவது கலந்தே வரும். மியாகே குழுவினர் ஒவ்வொரு திறனுக்கும் பல சோதனைகள் வைத்து அவற்றுக்குப் பொதுவானதைப் பிரித்தெடுத்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், முதலில் உயிரெழுத்தை மட்டும் இணைக்கச் சொல்லுங்கள், அதிலேயே தடுமாறுகிறவருக்கு இந்தத் தாள் ஆகாது. இரண்டாம் தடவை வேகம் கூடினாலும் துள்ளாதீர்கள், அது பழக்கம்.

அடக்குவதை அளக்க ஸ்ட்ரூப் சோதனை: 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935இல் உளவியலாளர் ஸ்ட்ரூப் செய்தபோது வெறும் 100 நிறக் கட்டங்களுக்குச் சராசரியாக 63 விநாடி, இப்படிக் குழப்பும் 100 சொற்களுக்கு 110.

ஆனால் யாருக்கும் இதை வைத்துப் பட்டம் கட்டிவிடாதீர்கள். 1991இல் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், தலையில் அடிபட்டு மூளையின் முன்பகுதி பாதித்த மூவரைப் பற்றி எழுதினார்கள். மேசைச் சோதனைகள் பலவற்றில் தேறியவர்கள், கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்பியதும் தடுமாறினார்கள். அதனால்தான் ஸ்டாப்வாட்ச் போதாதென்று, எடுத்த வேலையை முடிக்கிறாரா, பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா என்று வீட்டாரிடமும் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள்.