மிளகுக் கொடி வேர் பிடிக்க: இளநீரா, ஐ.பி.ஏ.வா?

கொடித் துண்டை இளநீரில் முக்கி நட்டால் வேர் வந்துவிடும் என்று ஏற்காட்டில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இளநீரில் தூக்கலாக இருப்பது சைட்டோகைனின் என்ற செடி ஹார்மோன். செல்கள் பிரிந்து பெருகத் தூண்டும், ஆனால் அதன் கை ஓங்கினால் தளிர்தான் கிளம்பும். வேருக்கு ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் ஓங்க வேண்டும். புகையிலைத் திசுவில் ஸ்கூக், மில்லர் என்ற விஞ்ஞானிகள் 1957-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: இரண்டும் சமமாக இருந்தால் வேருமில்லை, தளிருமில்லை, வெறும் செல் திரள்தான். கடையில் கிடைக்கும் ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) ஆக்சின் வகை.

பிப்ரவரி, மார்ச்சில் அடியிலிருந்து ஓடும் கொடியை வெட்டுங்கள். காய்க்கும் பக்கக்கிளையை நட்டால் மரம் ஏறாது, புதராகவே நிற்கும். இரண்டு மூன்று கணு போதும். இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விடுங்கள்.

அடுத்தது கரைசல். பலரும் இடறுவது இங்கேதான். ஐ.பி.ஏ. தண்ணீரில் லேசில் கரையாது. தூளைத் தண்ணீரில் கொட்டினால் மேலே மிதக்கும். 100 மில்லிகிராம் தூளை முதலில் 50 மில்லி ஆல்கஹாலில் போட்டு, துளி கூடத் தெரியாமல் தெளியும்வரை கலக்குங்கள். அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 100 மில்லியாக்குங்கள். இதுதான் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. பால் மாதிரி வெளுத்தால் தூள் பிரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஆல்கஹால் சேருங்கள். சமையலறைத் தராசு இந்த எடைக்கு உதவாது. சேலம் செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்கிறவர் யாராவது தெரிந்தால் அவர் தராசில் நிறுத்து வாங்குங்கள். டால்க் பவுடரில் கலந்து விற்பதும் உண்டு. சீராக ஒட்டாது என்பதால் எனக்குக் கரைசல்தான் பிடிக்கும்.

அடிக்கணுவை 45 விநாடி முக்கினால் போதும். ‘இன்னும் கொஞ்சம் ஊறட்டும்’ என்று விட்டால் அடி கருத்துவிடும். அளவு மீறினால் ஆக்சினே வளர்ச்சியை அடக்கும். சரி, தலைகீழாக நடாதீர்கள். ஆக்சின் நுனியிலிருந்து அடிக்குத்தான் இறங்கும்.

ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி பையில் நட்டு, நிழலில் வையுங்கள். மே, ஜூனில் தோட்டத்துக்குத் தயாராகிவிடும்.

பின்சேர்க்கை: சேலம் டவுனில் நட்ட சிலர், துண்டு வாடுகிறது என்று கேட்டிருந்தார்கள். மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், கீழே காற்று வறண்டது. பைகளை பாலிதீன் கூடாரத்துக்குள் வைத்து, தண்ணீரைப் பூவாளியால் தெளியுங்கள். கூடாரத்தின் மேல் வெயில் நேராக விழக்கூடாது.