பிளேஆஃப் தோல்விக்குப் பிறகு ஒரு ரசிகர் ஆட்டத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி?

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் ஆடும் சென்னையின் எஃப்சி அணியைத் தம் அணியாகக் கருதும் வேலூர்க்காரர்களுக்கு, லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் தோற்பது புதிதல்ல. 2014-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி, இரண்டு ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 எனத் தோற்று, சென்னையில் அதே மூன்று கோல்களை அடித்து ஈடுகட்டி, பிறகு கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் வெளியேறியது. 2020 மார்ச்சில் இறுதிப் போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடமும், 2024 ஏப்ரலில் நாக் அவுட் ஆட்டத்தில் எஃப்சி கோவாவிடமும் தோற்றது. இப்படிப்பட்ட இரவுகளில் நம்மில் பலர் விடிவதற்குள் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து, பழி முழுவதையும் அவர் தலையில் போட்டுவிட்டு ஆட்டத்தை மறந்துவிடுகிறோம். அது அணிக்கும் நியாயமில்லை, ஆட்டத்தை அவ்வளவு நேசிக்கும் நமக்கும் நியாயமில்லை. தோற்ற ஆட்டத்தை முழுதாகப் புரிந்துகொள்ளச் சில வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அன்றிரவு எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் இருப்பது. நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்த்தவர்கள் பெரியமேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்து வந்து, இரவு ரயிலைப் பிடித்துக் காட்பாடியில் இறங்குவதற்குள் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அரக்கோணம் தாண்டுவதற்குள் கைப்பேசியை எடுத்துப் பயிற்சியாளரை மாற்றச் சொல்லியும், வீரர்களை வசைபாடியும் எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். அந்த நேரத்தில் மனத்தில் நிற்பவை கடைசிப் பத்து நிமிடங்கள் மட்டுமே. தொண்ணூறு நிமிட ஆட்டம் அப்போது நினைவில் இருக்காது. வருத்தமாக இருந்தால் வருத்தப்படுங்கள், உடன் வந்தவரோடு பேசாமல்கூட இருங்கள். அது இயல்பானது.

இரண்டு மூன்று நாள் கழித்து, முழு ஆட்டத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி பாருங்கள். ஹைலைட்ஸ் போதாது, ஏனென்றால் அதில் கோலும் கோலை ஒட்டிய காட்சியும்தான் இருக்கும். கோலுக்குக் காரணமானது பெரும்பாலும் அதில் இருக்காது. நான் பின்பற்றும் முறை இது: எதிரணி கோல் அடித்த இடத்தில் காட்சியை நிறுத்திவிட்டு, அரை நிமிடம் பின்னால் போய், பந்தை விட்டுவிட்டு நம் அணியினரை மட்டும் பார்ப்பேன். பந்து எங்கே பறிபோனது, அப்போது நம் சைடு பேக் (ஓரத்தில் ஆடும் தடுப்பு வீரர்) எவ்வளவு தூரம் மேலேறியிருந்தார், அவர் விட்டுச் சென்ற இடத்தை மூட நடுக்கள வீரர் நகர்ந்தாரா, நடுவில் நிற்கும் தடுப்பு வீரர்களான இரண்டு சென்டர் பேக்குகளுக்கும் இடையே எத்தனை அடி இடைவெளி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வேன். கடைசியில் காலை நீட்டித் தடுக்கத் தவறிய டிஃபென்டர்தான் கேமராவில் தெரிவார்; ஆனால் தவறு அவருக்கு நாற்பது மீட்டர் முன்னால், பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடாமல் நின்ற இன்னொருவரிடம் தொடங்கியிருக்கும்.

அடுத்து, கோல்கள் விழுந்த நிமிடங்களை வரிசையாக எழுதுங்கள். 2020 இறுதிப் போட்டி நல்ல உதாரணம். கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாமல் கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் சென்னையின் 3-1 எனத் தோற்றது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருதலைப்பட்சமான தோல்வி போலத் தெரியும். நிமிடங்களைப் பாருங்கள்: ஏடிகேயின் முதல் கோல் 10-வது நிமிடம், இரண்டாவது கோல், இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் 48-வது நிமிடம், நம் வால்ஸ்கிஸின் கோல் 69-வது நிமிடம், அவர்களுடைய மூன்றாவது கோல் கூடுதலாகத் தரப்பட்ட கடைசி நிமிடங்களில். சமன் செய்யத் துடிக்கும் அணி எல்லோரையும் முன்னே அனுப்பும். பின்களம் திறந்து கிடக்கும். எனவே அந்தக் கடைசி கோலைத் தோல்வியின் காரணமாக எழுதக் கூடாது, அது தோல்வியின் விளைவு. நாம் ஆராய வேண்டியவை முதல் இரண்டு கோல்கள்தாம், அதிலும் இடைவேளைக்குப் பின் உடனே விழுந்த கோலை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

நடுவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு தோல்விக்கு மறுநாள் என் அக்கா மகன், "மாமா, ரெஃப்ரி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நாமதான் கெலிச்சிருப்போம்" என்றான். நான் அவனை மறுக்கவில்லை. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் நடுவரின் தவறான முடிவுகளையும் மற்றதில் நாம் வீணாக்கிய வாய்ப்புகளையும் அவனையே எழுதச் சொன்னேன். இரண்டாவது பத்தி பக்கத்தின் அடி வரைக்கும் போனது. நடுவர் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் அணியை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் பார்த்தோம். பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோல் செல்லும் என்று நடுவர் அறிவித்ததை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் களத்தை விட்டே வெளியேறியது. கூடுதல் நேரத்தில் இன்னும் ஆட்டம் மீதமிருந்தது. அந்த நிமிடங்களை இழந்ததோடு, அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

தனி ஒரு வீரர்மீது பழி போடுவதற்கு முன் லக்ஷ்மிகாந்த் கட்டிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 இறுதிப் போட்டியில் கோவாவின் கோல்கீப்பராக இருந்த அவர் 90-வது நிமிடத்தில் பந்தைத் தம் வலைக்குள்ளேயே விட்டு சொந்த கோல் ஒன்றைத் தந்துவிட, சற்று நேரத்தில் நம் மென்டோசா மூன்றாவது கோலை அடித்து நமக்குக் கோப்பையைத் தந்தார். அதே கட்டிமணி 2022 இறுதிப் போட்டியில் ஹைதராபாத் அணிக்காக மூன்று பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பையை வென்றார். நமக்கு மகிழ்ச்சி தந்த அந்த 2015 இரவு, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நம் வீரர்களைப் பற்றி எழுதும்போது கை தானாக நிதானப்படும்.

ஒரு ஆட்டத்தைப் பார்த்து முடித்ததும் லீக் அட்டவணைக்குத் திரும்புங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. 2022-23 முதல் 2024-25 வரை ஆறு அணிகள் பிளேஆஃபுக்கு வந்தன. முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போக, மற்ற நான்கும் ஒரே ஒரு நாக் அவுட் ஆட்டம் ஆடின, அதுவும் அட்டவணையில் மேலே இருந்த அணியின் மைதானத்தில். 2023-24ல் 22 ஆட்டங்களில் கோவா 45 புள்ளிகளும் நாம் 27 புள்ளிகளும் எடுத்திருந்தோம். ஆறாவது இடத்தில் நுழைந்ததால்தான் ஃபதோர்தாவுக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே 2-1 எனத் தோற்றோம். அந்தத் தோல்வியின் பாதி, லீக் சுற்றில் கைநழுவிய புள்ளிகளில் இருக்கிறது. எந்தெந்த ஆட்டங்களில் முன்னிலை பெற்ற பிறகு புள்ளியை விட்டோம் என்று பட்டியல் எடுத்தால், பயிற்சியாளரைப் பற்றிய உங்கள் கருத்துக்கு அடித்தளம் கிடைக்கும். அது இல்லாமல் சொல்வது வெறும் ஆத்திரம்.

அதிர்ஷ்டத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று கோல்களே விழும் ஆட்டத்தில், கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து முடிவை மாற்றிவிடும்.

எழுதியதை வேறொருவரிடம் காட்டிப் பேசுங்கள், முடிந்தால் எதிரணி ரசிகரிடம். வேலூரில் இதற்குப் பஞ்சமில்லை. சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய பகுதிகளில் மலையாளிகள் ஏராளம். அவர்களில் பிளாஸ்டர்ஸ் ரசிகர் ஒருவரோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசினால், நம் கண்ணுக்குத் தப்பிய நம் அணியின் பலவீனத்தை அவர் சரியாகச் சொல்லிவிடுவார். மூன்று முறை இறுதிப் போட்டியில் தோற்ற அணியை விடாமல் நேசிப்பவர்கள் அவர்கள். ஊரீசு கல்லூரி மைதானத்திலோ நேதாஜி ஸ்டேடியத்திலோ பையன்கள் ஆடுவதையும் போய்ப் பாருங்கள். பக்கக் கோட்டருகே நின்று பார்க்கும்போது, பந்து காலுக்கு வரும் அந்த நொடியில் ஒரு வீரருக்கு எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறது என்பது தொலைக்காட்சியில் தெரியாத அளவுக்குத் தெரியும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த சீசனுக்கான கேள்விகள் மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்: இடைவேளைக்குப் பின் முதல் பத்து நிமிடங்களில் கோல் வாங்குகிறோமா, கார்னர்களில் யார் யாரைக் காக்கிறார்கள், முன்னிலை பெற்ற பின் பயிற்சியாளர் எந்த நிமிடத்தில் யாரை மாற்றுகிறார் என்பது போல. புதிய சீசனின் முதல் ஐந்து ஆட்டங்கள் முடிந்ததும் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் நேரே பதிலையும் நிமிடத்தையும் குறியுங்கள்.