சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ந்து தடித்த பாதம்: சுரண்டாமல் பராமரிப்பது எப்படி?

குதிகால் காய்ந்து சொரசொரவென்று ஆகிவிட்டது. படுக்கும்போது போர்வை நூலை இழுக்கிறது. உடனே கை தேடுவது பிளேடையோ, பாதம் தேய்க்கும் கல்லையோதான். சர்க்கரை இருந்தால் அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நானும் ஒரு காலத்தில் பிளேடு எடுத்த ஆள்தான். வெட்டியது எனக்குத் தெரியவே இல்லை; தரையில் சிவப்பாக ஒரு தடம் பார்த்தபிறகுதான் தெரிந்தது. வலிக்காதது அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்!

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்புகள் பழுதாகும். வியர்வையை இயக்கும் நரம்பு கெட்டால் பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கும். உணர்ச்சி நரம்பு கெட்டால் வலியும் சூடும் தெரியாது. தசைக்குப் போகும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கி, உடல் எடை பாதத்தின் ஒரே இடத்தில் விழும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. கேடு என்னவென்றால், தடித்த காய்ப்பே செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி உள்ளே அழுத்தும். மேலே காய்ப்பு அப்படியே இருக்க, அடியில் புண் உருவாகிவிடும்.

அதனால் இங்கே நோக்கம் தோலை எடுப்பது அல்ல, இளக்குவது.

முதலில்: உங்கள் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். இப்ஸ்விச் தொடு சோதனை என்று ஒன்று உண்டு. கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் இன்னொருவர் இருந்தால் போதும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் பூப்போல ஒன்றிரண்டு விநாடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள்.

அப்படிக் குறைந்திருந்தாலோ, முன்பு காலில் புண் வந்திருந்தாலோ, ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தாலோ, கழுவுவது, பார்ப்பது, க்ரீம் பூசுவது, இவை மட்டும் உங்கள் வேலை. தேய்ப்பதைப் பாத சிகிச்சை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கழுவுவதும் துடைப்பதும்

தினம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்பு போட்டுக் கழுவுங்கள். நீர் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. சூடு பார்க்கக் காலை வைக்காதீர்கள், முழங்கையை வையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

வாளியில் அரைமணி நேரம் ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊறும்போது தோல் மெத்தென்று ஆவது உண்மைதான். ஆனால் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை நீரோடு போய்விடும். காய்ந்தபிறகு முன்னைவிட மோசமாக வறளும்.

பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் ஈரம் தங்கவே கூடாது. தங்கினால் சேற்றுப்புண் வரும்.

பார்ப்பது

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது கைப்பேசியில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வாரம் ஒரு படம் சேர்த்துவைத்தால் காய்ப்பு வளர்கிறதா, இளகுகிறதா என்று ஒப்பிடவும் உதவும். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப்பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

இன்னொன்று: வறட்சி போலத் தெரிவதெல்லாம் வறட்சி இல்லை. உள்ளங்கால் ரேகைகளில் வெள்ளை மாவு தூவியது போல் செதில் இருந்து, நகங்களும் மஞ்சளாகத் தடித்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எவ்வளவு க்ரீம் பூசினாலும் அது போகாது. மருத்துவரிடம் காட்டி, பூஞ்சைக்கான மருந்து வாங்குங்கள்.

க்ரீம் பூசுவது

உண்மையில் வேலை நடப்பது இங்கேதான். துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே பூசுங்கள்.

எதைப் பூசுவது? பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெயும் மூடி மாதிரி. தோலில் இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். புதிதாக ஈரம் தராது. காய்ந்த காலில் காய்ந்தபடியே தடவிவிட்டு “பலனே இல்லை” என்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தடித்த தோலுக்கு யூரியா கலந்த க்ரீம் நன்றாக உதவும். யூரியா நீரை இழுத்துத் தோலில் நிறுத்தும். அளவு கூடினால் தடித்த மேல்தோலின் பிணைப்பையும் தளர்த்தும். 10 சதவீதத்தில் தொடங்கலாம். குதிகால் மிகவும் தடித்திருந்தால் 25 சதவீதம் வரை போகலாம். 40 சதவீதம் என்று எழுதியிருப்பதை மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். வெடிப்பு ஆழமாக இருக்கும் இடத்திலும், புண் உள்ள இடத்திலும் யூரியா வேண்டாம். வாசனை சேர்க்காத க்ரீமாகப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு? சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு முறை. மேற்பாதம், உள்ளங்கால், குதிகாலின் ஓரம் எல்லாம் பூசலாம். விரலிடுக்கில் மட்டும் கூடாது. பூசியதும் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்; தோலில் க்ரீம் நிற்கும், தரையில் வழுக்கியும் விழ மாட்டீர்கள். காலையும் இரவும் செய்ய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இரவையாவது தவறவிடாதீர்கள்.

மூன்று நாளில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும். உள்ளங்காலில் இன்னும் கூடுதலாகவே ஆகும்.

தேய்ப்பது (எல்லோருக்கும் இல்லை)

வரிசைப்படி இது கழுவியதும், துடைப்பதற்கு முன் செய்வது. எல்லோரும் இதிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள் என்பதால் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். தொடு சோதனையில் உணர்ச்சி சரியாக இருந்து, புண்ணோ வெடிப்போ இல்லையென்றால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஈரத் தோலில் பியூமிஸ் கல்லை ஒரே திசையில் லேசாக ஓட்டுங்கள். ஏழெட்டு முறை போதும். இளஞ்சிவப்பு தெரியும்வரை தேய்த்தால் அது அத்துமீறல். ஒரே நாளில் காய்ப்பு முழுவதையும் கரைக்கப் பார்க்காதீர்கள். கல்லைக் கழுவிக் காயவையுங்கள். வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பிளேடு, கத்தி, மின்சாரத்தில் சுழலும் தேய்ப்பான், மீன்களைக் கடிக்கவிடும் தொட்டி, எதுவும் வேண்டாம். ஆணிக்கால் பிளாஸ்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பதால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். அதற்குக் காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று தெரியாது, இரண்டையும் அரிக்கும். உணர்ச்சியில்லாத காலில் அது புண்ணானபிறகே தெரியவரும்.

காய்ப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

காரணம் பெரும்பாலும் செருப்பில் இருக்கிறது. காய்ப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள், அங்கேதான் அழுத்தம். பெருவிரல் ஓரம் என்றால் முனை குறுகல். முன்பாதத்தின் அடியில் என்றால் அடிப்பகுதி மெல்லியதாகவோ கெட்டியாகவோ இருக்கும். குதிகால் ஓரத்தில் வெடித்தால், பின்பக்கம் திறந்த செருப்பில் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்குவது காரணமாக இருக்கலாம். பின்பக்கம் மூடியதற்கு மாறிப் பாருங்கள். புதிதாக வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

கைவைத்தியத்தை நிறுத்த வேண்டிய நேரம்

காய்ப்புக்கு அடியில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளி தெரிந்தால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அதை நீங்களே கிள்ளிப் பார்க்க வேண்டாம். வெடிப்பில் ரத்தமோ நீரோ கசிவது, சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல், ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லையே என்று நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலில் எடை போடாமல் போங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததோடு பேச்சு முடிந்துவிடுவது உண்டு. அதனால் உள்ளே போய் உட்கார்ந்ததுமே, மருத்துவர் கேட்கும் முன்பே செருப்பையும் காலுறையையும் கழற்றிவிடுங்கள்.