மருத்துவமனைக்கு அஞ்சும் நாயை உடல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது எப்படி?

கால்நடை மருத்துவமனையின் வாசலைக் கண்டதும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கும் நாயைத் திட்டுவதில் பயனில்லை. சென்ற முறை பட்ட வலியைக் கிருமிநாசினியின் நெடியே அதற்கு நினைவூட்டிவிடுகிறது. தூக்கிக்கொண்டுபோய் மேசையில் கிடத்தி மூன்று பேர் அமுக்கிப் பிடித்தால் அன்றைய ஊசி முடிந்துவிடும். ஆனால் அடுத்த ஆண்டு அதே நாய் கடிக்கத் தயாராகவே வரும். ஆண்டுப் பரிசோதனைக்கு அவசரம் ஏதும் இல்லையாதலால், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வீட்டில் ஒத்திகையைத் தொடங்கிவிடலாம்.

மருத்துவர் எங்கெல்லாம் தொடுவாரோ அங்கெல்லாம் நாள்தோறும் சில நிமிடங்கள் நீங்களே தொட்டுப் பழக்குங்கள். உதட்டை விலக்கிப் பல் ஈறுகளைப் பார்ப்பது, காதுமடலைத் திருப்புவது, பாதத்தைப் பிடிப்பது, வயிற்றை மெல்ல அழுத்துவது, வாலைத் தூக்குவது என ஒவ்வொன்றுக்கும் பிறகு உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். தொட்ட பிறகுதான் தீனி. தீனியைக் காட்டி மயக்கித் தொட்டால், கோழியைக் கண்டாலே சந்தேகப்படும் நாயாகிவிடும்.

கடிக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் கூடை போன்ற வாய்ப்பூட்டை வாங்கி, அதன் உட்புறம் சிறிது தயிரைத் தடவி, நாய் தானாகவே மூக்கை நுழைக்கும்வரை பொறுத்திருங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நீண்ட நேரத்துக்கு ஏற்றதன்று. மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் பிராணியின் வாயை நம் ஊர் வெயிலில் கட்டிவைப்பது ஆபத்து.

ஊசிக்காக மட்டுமே ஆட்டோவில் ஏறும் நாய், ஆட்டோவைக் கண்டாலே நடுங்கும். ஆகவே இடையில் ஓரிரு முறை மருத்துவமனைவரை சென்று, எடை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் அந்தப் பயணம் வீணாகாது. ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) ஆகிய நாள்களையொட்டி நடக்கும் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் மிக நல்லவைதான். ஆயினும் அந்தக் கூட்டம் இத்தகைய நாய்க்கு ஒத்துவராது. கூட்டம் குறைந்த வேளையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முறை வரும்வரை வெளியே மரநிழலில் நில்லுங்கள். பூட்டிய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். உதட்டை அடிக்கடி நக்குவது, தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது எல்லாம் உறுமலுக்கு முந்தைய எச்சரிக்கைகள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வார்கள். அது சரியல்ல, நாய் விரும்பினால் தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம்.

வழுக்கும் எஃகு மேசையே பாதிப் பயத்துக்குக் காரணம். வீட்டுச் சாக்கையோ பாயையோ கொண்டுபோய் விரியுங்கள், அல்லது தரையிலேயே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். பதற்றத்தில் அதுவும் இதயத்துடிப்பும் உயரக்கூடும் என்பதால், வீட்டில் எப்படி இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையோ மயக்க மருந்தோ இருக்குமானால், தீனி கொடுக்கலாமா என்று முன்னரே கேட்டுவிடுவது அவசியம்.

இவ்வளவுக்கும் அடங்காத பயத்துக்குக் கபாபென்டின், டிரசோடோன் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில், புறப்படுவதற்கு முன் அவர் சொன்ன நேரத்தில் கொடுக்க வேண்டுமேயன்றி, நம் அலமாரியிலுள்ள மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. நாய் மிகவும் மிரண்டதால் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்லும் மருத்துவர்மீது கோபப்படாதீர்கள். அவரையே தொடர்ந்து நாடுங்கள்.

தடுப்பூசி போட்டிருந்தால் அரைமணி நேரமாவது அருகிலேயே இருந்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பது வழக்கமானதே. முகம் வீங்கினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே திரும்பிச் செல்ல வேண்டும்.