ஜனவரிப் படமும் மார்ச் படமும்: குமரி மாவட்ட நில மாற்ற ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரித் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு வடிவம் உண்டு. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1990-ல் எடுத்த ஒரு படம், 2020-ல் ஒரு படம். இரண்டையும் காடு, வயல், தோப்பு, கட்டடம், நீர்நிலை என்று ஐந்தாறு வகையாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, கடைசியில் ஓர் அட்டவணை. மென்பொருள் இலவசம், லேண்ட்சாட் படங்களும் 2008-க்குப் பிறகு இலவசம். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்குமான நிலத்தைப் பற்றி இப்படி எழுதப்படுகிற அறிக்கைகளில் சறுக்கல் பெரும்பாலும் மென்பொருளில் இல்லை. படம் எடுக்கப்பட்ட அந்த மாதத்தில் மண்ணில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்காததில்தான் இருக்கிறது.

மேகமில்லாத மாதம் நல்ல மாதம் என்று நினைப்பது

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. விவசாயிக்கு வரம், படம் தேடுகிறவருக்குத் தலைவலி. ஜூன் முதல் டிசம்பர் வரை மேகமில்லாத படம் கிடைப்பது அபூர்வம். அதனால் எல்லோரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் படங்களையே எடுக்கிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மூன்று மாதத்துக்குள்தான் ரப்பர் இலை உதிர்த்துத் திரும்பவும் துளிர்க்கிறது, கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் முற்றி அறுவடையாகிறது, மலைச்சரிவில் தேக்கும் மற்ற இலையுதிர் மரங்களும் மொட்டையாகின்றன.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை ஜனவரியில் போய்ப் பாருங்கள். கிளையெல்லாம் வெறுமையாக, தரையெல்லாம் சருகாக இருக்கும். அதே தோட்டம் மார்ச்சில் இளம்பச்சையாகப் பொங்கி நிற்கும். இப்போது ஒருவர் 2010 மார்ச் படத்தையும் 2020 ஜனவரி படத்தையும் ஒப்பிடுகிறார் என்று வையுங்கள். இரண்டும் 'கோடைக்கு முந்தைய காலம்'தான், மேகமும் இல்லை. ஆனால் தாவரப் பசுமைக் குறியீடான என்டிவிஐ சரிந்திருக்கும்; பத்தாண்டில் ரப்பர் அழிந்தது என்று வரைபடம் சொல்லும். தேதிகளை மாற்றிப் போட்டால் ரப்பர் செழித்தது என்று சொல்லும்.

சரி, இரண்டு வருடத்துக்கும் ஒரே மாதத்தை எடுத்தால் போதுமா? பாதிதான் போதும். இலையுதிர்வு காலண்டர் பார்த்து நடப்பதில்லை. மழை நின்ற தேதியைப் பொறுத்தும் மர ரகத்தைப் பொறுத்தும் சில வாரங்கள் முன்பின் ஆகும். மழை ஆண்டையும் பார்க்க வேண்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது. 2021 நவம்பரில் குமரியில் வெள்ளமே வந்தது. 2017 தொடக்கத்துப் படத்தையும் 2022 தொடக்கத்துப் படத்தையும் ஒப்பிடுகிறவர் ஒரு வறட்சியையும் ஒரு வெள்ளத்தையும்தான் ஒப்பிடுகிறார். நடுவில் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் விழுத்திய மரத்தை 'நகரமயமாக்கலால் தாவர இழப்பு' என்று எழுதினால் மாவட்டத்தில் யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வழி இருக்கிறது. ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கிடைக்கிற எல்லாப் படங்களிலிருந்தும் மேகமில்லாத பிக்சல்களை (படத்தின் சிறு சதுரப் புள்ளிகளை) மட்டும் சேர்த்து, பசுமை ஏறி இறங்குவதை ஒரு வரிசையாகப் பார்ப்பது. ஐரோப்பாவின் சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களோடு ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவதால் இது சாத்தியம். இப்படிப் பார்க்கும்போது இலையுதிர்வே உதவிக்கு வருகிறது. பசுமைமாறாக் காட்டுக்கு ஜனவரிப் பள்ளம் கிடையாது, ரப்பருக்கு உண்டு. மார்ச் படத்தில் மட்டும் பார்த்தால் இரண்டும் பச்சை, பிரிக்கவே முடியாது. ஆண்டு வரிசையில் பார்த்தால் பிரிந்துவிடும். தேக்கும் உதிர்க்கும் என்பதால் குழப்பம் முழுக்கத் தீராது, ஆனால் தேக்கு ரப்பரைவிடத் தாமதமாகத் துளிர்க்கும்.

படம் தேடும்போது 'மேகம் 10 சதவீதத்துக்குக் கீழே' என்று வடிகட்டி வைப்பதும் இங்கே சரிப்படாது. அந்தச் சதவீதம் முழுப் படத்துக்கானது. ஒரு லேண்ட்சாட் படம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் அகலம். குமரியை உள்ளடக்கும் படத்தில் கடலுக்கும் பெரிய பங்கு உண்டு. கடலின் மேல் மேகம் திரண்டு மாவட்டம் துல்லியமாகத் தெரிகிற படங்களை அந்த வடிகட்டி தூக்கி எறிந்துவிடும்.

வெட்டப்பட்டதெல்லாம் காடழிப்பு அல்ல, பச்சையெல்லாம் நன்மையும் அல்ல

செயற்கைக்கோள் பார்ப்பது நிலத்தின் மேல் என்ன மூடியிருக்கிறது என்பதை. அந்த நிலத்தை மனிதர்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ரப்பர் மரம் நட்டு ஏறக்குறைய 25, 30 வருடம் ஆனதும், பால் வெட்டி முடித்து, மொத்தமாக முறித்து மறுநடவு செய்வார்கள். முதல் சில வருடம் இடையில் வாழையோ அன்னாசியோ போடுவார்கள். படத்தில் இது காடு, வெறும் நிலம், பயிர், மறுபடி காடு என்று நான்கு வகை மாற்றமாகத் தெரியும். நிலத்தின் உரிமையாளரைக் கேட்டால் ஒரு மாற்றமும் இல்லை, அது எப்போதும் ரப்பர் விளை, அதாவது ரப்பர்த் தோட்டம்தான். முறித்த வருடத்துப் படத்தை மட்டும் வைத்துக் 'காடழிப்பு' என்று எழுதுவது அநியாயம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை (மேலிருந்து பார்த்தால் மரங்களின் தலைப்பு மூடும் பரப்பு) 10 சதவீதத்தைத் தொட்டாலே அது 'வனப்பரப்பு'. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. ரப்பரும் தென்னந்தோப்பும் அதில் அடங்கும். அந்த நிறுவனத்தின் அறிக்கை தரும் எண்ணைத் தன் வரைபடத்தின் 'காடு' வகையோடு நேராக ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்றே அல்ல.

வயலில் நடப்பதும் இதே கதை. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். நடவு நேரத்தில் வயல் குளம் போலத் தெரியும், அறுத்த பிறகு தரிசு போலத் தெரியும், நடுவில்தான் பயிராகத் தெரியும். ஒரே தேதியில் நெல் வயலை அடையாளம் காண முயல்வதே தவறு. மேகக் காலத்துக்கு சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும். அது மேகத்தை ஊடுருவும், நடவுக்கு நீர் கட்டிய வயலைத் தனியாகக் காட்டும்.

வயலைத் தூர்த்து வாழையும் தென்னையும் வைத்தால் என்ன ஆகும்? என்டிவிஐ ஏறும்! வருடம் முழுக்கப் பச்சை. 'தாவரப் பரப்பு மேம்பட்டுள்ளது' என்று அறிக்கை முடியும். நெல்லும் நீர்ப்பிடிப்பும் போனது அந்தப் பச்சைக்குள் மறைந்துவிடும். குளங்களிலும் இதே ஏமாற்று உண்டு. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிற தாமரை குளத்தில்தான் வளர்கிறது. தாமரையோ ஆகாயத்தாமரையோ மூடிய குளத்தை வகைப்படுத்தல் நிரல் வயல் என்றே எண்ணும். மழை ஆண்டில் நிரம்பிய குளத்தையும் இலை மூடிய குளத்தையும் ஒப்பிட்டு 'குளம் ஆக்கிரமிப்பு' என்று செய்தி எழுதுவதற்கு முன் ஒருமுறை கரையில் போய் நிற்பது நல்லது.

சென்ட் கணக்கு

லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். விளவங்கோட்டில் ஐந்து சென்ட், பத்து சென்டில் வீடு கட்டி, மிச்ச இடத்தில் நாலு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரச்சீனி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று குடும்பத்தின் வீடும் விளையும் கிணறும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடும். அந்தப் பிக்சலுக்கு 'தோப்பு' அல்லது 'கட்டடம்' என்று ஒரே பெயர் கொடுத்தால் எதைக் கொடுத்தாலும் தவறு. தென்னை ஓலைக்குக் கீழே இருக்கிற ஓட்டு வீடு மேலிருந்து தெரியவும் செய்யாது. சென்டினல்-2-ன் 10 மீட்டர் பிக்சல் சுமார் இரண்டரை சென்ட். இந்த ஊருக்கு அதுதான் தேவலை. 'வீட்டுத்தோட்டம்' என்றே ஒரு கலப்பு வகை வைத்துக்கொள்வது அதைவிட நேர்மையானது.

இது வெறும் பாடப்புத்தகக் கவலை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையிலிருந்து தொடங்கும் கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நிலம் அப்போது வயலாக இருந்ததா என்று தீர்மானிக்க, மாநிலத் தொலையுணர்வு மையத்தின் பழைய செயற்கைக்கோள் பட அறிக்கையும் பார்க்கப்படுகிறது. எந்த மாதப் படம், எத்தனை மீட்டர் பிக்சல் என்பது அங்கே ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தொடுகிற கேள்வி.

கருவி சார்ந்தவை

இவை விரைவாகச் சரிசெய்யக்கூடியவை, ஆனாலும் திரும்பத் திரும்ப வருபவை. லேண்ட்சாட் 5, 7-ல் சிவப்பு ஒளி 3-வது பேண்ட் (அலைவரிசை), அண்மை அகச்சிவப்பு 4-வது. லேண்ட்சாட் 8, 9-ல் அது 4, 5 என்று நகர்ந்துவிட்டது. பழைய சூத்திரத்தை (அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டால் வகுப்பது) அப்படியே புதுப் படத்துக்குப் போட்டால் என்டிவிஐ என்ற பெயரில் சிவப்பையும் பச்சையையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். லேண்ட்சாட் 7-ல் 2003 மே இறுதியில் ஒரு பாகம் பழுதானது முதல் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடு கோடாக விட்டுப்போயிருக்கும்.

சென்டினல்-2-ல் உள்ள பொறி கொஞ்சம் நுட்பமானது. 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. நாம் கழித்துக்கொள்ள வேண்டும். நல்ல காட்டில் சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 4000 என்றால் என்டிவிஐ 0.78. கழிக்க மறந்தால் 1500, 5000 ஆகி, அதே காடு 0.54 என்று காட்டும். 2022-ல் மாவட்டமே ஒரேயடியாகக் காய்ந்தது போன்ற வரைபடம் கிடைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கூகுளின் இணையப் பட ஆய்வுத் தளமான எர்த் இன்ஜினில் சீராக்கப்பட்ட தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மலையில் நிழல். இந்தச் செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணிக்குக் கடக்கின்றன. சூரியன் கிழக்கே, டிசம்பர், ஜனவரியில் தெற்கே சாய்ந்தும் இருக்கும். குமரிப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் செங்குத்தானவை அப்போது நிழலில் கிடக்கும். அந்தக் கருமையை வகைப்படுத்தல் நீர் என்றோ அடர்காடு என்றோ சொல்லும். சரிவால் வரும் ஒளி வேறுபாட்டைத் திருத்தாமல் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள எண்களை நம்பாதீர்கள்.

90 சதவீதத் துல்லியம் என்ற ஆறுதல்

கற்பனையாக ஒரு கணக்கு. 1000 ஹெக்டேர் வயலில் உண்மையில் 20 ஹெக்டேர்தான் வீட்டுமனையாகியிருக்கிறது. உங்கள் முறை அதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது: 18 ஹெக்டேர். மாறாத 980 ஹெக்டேரில் வெறும் 5 சதவீதத்தைத் தவறாக 'மாறியது' என்கிறது: 49 ஹெக்டேர். வரைபடம் காட்டுவது 67 ஹெக்டேர், உண்மையைப் போல மூன்று மடங்குக்கு மேல். மொத்தத் துல்லியமோ 95 சதவீதம் என்று அட்டவணையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். மாற்றம் எப்போதும் சிறு பங்கு என்பதால் பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்வது இப்படித்தான் ஊதிக் காட்டும். ஒவ்வொரு வகையிலும், குறிப்பாக 'மாறியது' என்ற வகையில், தற்செயலாகப் புள்ளிகளைத் தேர்ந்து சரிபார்த்து, அந்தப் பிழை விகிதத்தைக் கொண்டு பரப்பைத் திருத்தி, கூடக்குறைய எவ்வளவு என்ற எல்லையோடு எழுத வேண்டும்.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். மென்பொருளுக்கு வகைகளைப் பழக்க வரைந்த அதே கட்டத்துக்குள்ளிருந்து சோதனைப் பிக்சலையும் எடுத்தால் மதிப்பெண் தானாக ஏறிவிடும். பக்கத்துப் பிக்சல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மார்த்தாண்டம் சாலையோரமாக பைக்கில் போய் எடுத்த புள்ளிகளில் தோட்டத்தின் உட்புறமும் மலைச்சரிவும் வரவே வராது. கூகுள் எர்த்தின் பழைய படத்தை வைத்துச் சரிபார்த்தால் அதன் கீழே உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2020 வரைபடத்தை 2016 படத்தோடு சரிபார்த்தால் அது சரிபார்ப்பே ஆகாது. அப்புறம், களத்துக்குப் போனால் ஜிபிஎஸ் புள்ளியோடு திரும்பி வந்துவிடாமல், பால் வெட்டுகிறவரிடம் மரம் எந்த வருடம் நட்டது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால் போதும்.