நூறு புத்தகப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன்

முதலில், ‘சிறந்த நூறு நூல்கள்’ என்ற பட்டியலை யார் போட்டது என்று பாருங்கள். 1999-ல் பிரான்ஸின் ‘லெ மோந்த்’ நாளிதழ் வெளியிட்டது வாசகர் வாக்கெடுப்பில் பிறந்தது. 1998-ல் அமெரிக்காவின் மாடர்ன் லைப்ரரி பதிப்பகம் தந்ததில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்கள் மட்டுமே உண்டு. உலக இலக்கியம் தேடுபவருக்கு அது போதாது.

அடுத்தது கணக்கு. தினம் 20 பக்கம் என்றால் 300 பக்க நாவலுக்கு 15 நாள். நூறுக்கு 1,500 நாள், அதாவது நான்கு ஆண்டுக்கும் மேல். ஆகவே ஆண்டுக்கு 12 மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம்.

வரிசை எண்ணை நம்பிப் போகாதீர்கள். பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். லெ மோந்த் பட்டியலில் முதலாவதான, பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் ‘அந்நியன்’ ஒரு வாரத்தில் முடியும். இரண்டாவதான ப்ரூஸ்த்தின் ‘இழந்த காலத்தைத் தேடி’ நாவல், பட்டியலில் ஒரு வரி, அலமாரியில் ஏழு பாகம்! தடித்த நூல் ஒன்று முடிந்ததும் 150 பக்கத்துக்குள் ஒன்றை எடுங்கள்.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ஔரேலியானோ, அர்க்காதியோ என்ற பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும். முன்னட்டைக்குள் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, யார் யாருக்குப் பிள்ளை என்று பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். அச்சிட்ட குடும்ப மரத்தைவிட நீங்கள் வரைந்ததுதான் மனதில் நிற்கும்.

மொழிபெயர்ப்பு இரண்டு இருந்தால், இரண்டிலும் முதல் பத்துப் பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். 60 பக்கம் தாண்டியும் ஒட்டவில்லையா? பக்க எண்ணையும் தேதியையும் எழுதி மூடிவைத்து, ஆறு மாதம் கழித்துத் திறங்கள்.