கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்தானே என்று தாண்டிவிடாதீர்கள்

காலத்தில் பயணிக்கும் வேற்றுக்கிரகவாசி ஒருவரைப் பற்றிய பிபிசி தொடரான 'டாக்டர் ஹூ' பார்க்கத் தொடங்கிய புதிதில் 2005 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டேன். பண்டிகைக்காக எடுத்ததுதானே, சாண்டா குல்லாவும் கேக்குமாக ஒப்பேற்றியிருப்பார்கள் என்று நேரே இரண்டாம் சீசனுக்குப் போனேன். மூன்றாம் சீசன் முடியப்போகிற நேரத்தில் ஒருவர் முதுகுப் பையோடு வருகிறார். பைக்குள் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் ஒரு கை. அது தன்னுடைய கை என்கிறார் கதாநாயகனான டாக்டர். அவருக்குத்தான் இரண்டு கையும் இருக்கிறதே! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் கை வெட்டுப்பட்டது நான் தாண்டிய அத்தியாயத்தில். டேவிட் டென்னன்ட் டாக்டராக வந்த முதல் முழுக்கதை அது. ஒரு மணி நேரக் கதையில் பெரும்பகுதி பைஜாமாவோடு மயங்கிக் கிடக்கிறார். கடைசியில் சிந்திய டீயின் ஆவி பட்டுத்தான் எழுகிறார் (பிரிட்டன்காரர்கள் எடுத்த தொடர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்). எழுந்த சூட்டோடு லண்டனுக்கு மேல் மிதக்கும் கப்பலில் வாள்சண்டை போடுகிறார். கை துண்டாகிக் கீழே விழுகிறது. சாகும் நிலை வந்தால் டாக்டரின் உடல் உருமாறும், நடிகரும் மாறுவார். அப்படி மாறி 15 மணி நேரம் ஆகாததால் புதுக் கை முளைத்துவிடுகிறது. விழுந்த பழைய கை 2008 சீசன் முடிவில் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

கை மட்டும் இல்லை, ஆளே மாறுவதும் பலமுறை பண்டிகை நாட்களில்தான் நடந்திருக்கிறது. மேட் ஸ்மித் 2013 கிறிஸ்துமஸிலும், பீட்டர் கபால்டி 2017 கிறிஸ்துமஸிலும் விடைபெற்றார்கள். டென்னன்ட் விடைபெறும் கதையின் முதல் பாகம் 2009 கிறிஸ்துமஸில், இரண்டாம் பாகம் 2010 புத்தாண்டில் வந்தது. இவற்றைத் தாண்டினால் அடுத்த சீசனில் முன்பின் தெரியாத யாரோ டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸை ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்பெஷல்களை எல்லாம் ஒதுக்கிவைத்துக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதும் சரிவராது. வெளியான தேதி வரிசையில் பாருங்கள். 2012 ஸ்பெஷல் ஏழாம் சீசனின் நட்டநடுவே வருகிறது.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 25-க்கு ஒன்று இருக்கும் என்று தேடுவதும் வீண். 2017-க்குப் பிறகு கிறிஸ்துமஸ் கைவிடப்பட்டு 2019, 2021, 2022 புத்தாண்டு நாட்களுக்கு ஸ்பெஷல் நகர்ந்தது. 2023-இல்தான் கிறிஸ்துமஸுக்குத் திரும்பியது. அதே 2023 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் வந்த மூன்று ஸ்பெஷல்களும் தொடரின் 60-ஆம் ஆண்டு நிறைவுக்கானவை, பண்டிகைக்கு அல்ல.

இந்த வழக்கம் 2005-இல் பிறந்தது என்பதும் அரை உண்மைதான். 1965 கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வந்தது, தொடரின் வழக்கமான நாள். அன்றைய அத்தியாயத்தின் முடிவில் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கேமராவைப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார். பிபிசி அதன் படச்சுருளைக் காக்கவில்லை. ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று, அவர் பெயர் டாக்டர். 'டாக்டர் ஹூ' தொடரின் பெயர். மாற்றிச் சொன்னால் ரசிகர்கள் பாய்வார்கள். இதில் வேடிக்கை, பழைய அத்தியாயங்கள் பலவற்றின் நடிகர் பட்டியலில் அவர் பெயரே 'டாக்டர் ஹூ' என்றுதான் ஓடியது. 2005-இல் டென்னன்டுக்கு முன் டாக்டராக இருந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனுக்கும் அப்படியே. 'தி டாக்டர்' என்று மாற்றியதும் அதே 2005 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில்தான்.

புதிதாக வருபவர் 2013 ஸ்பெஷலில் தொடங்க வேண்டாம். மூன்று சீசன் முடிச்சுகளை அதில்தான் அவிழ்க்கிறார்கள். 2010-இல் தொடங்கலாம். மைக்கேல் கேம்பன் நடித்த கஞ்சக் கிழவர், மூடுபனியில் நீந்தும் மீன்கள், முன்கதை எதுவும் வேண்டாத கதை.

கடைசிக் காட்சியில் பனி விழுந்ததும் கதை முடிந்தது என்று ரிமோட்டைத் தேடாதீர்கள். 2005-இல் விழுவது பனியே அல்ல, வெடித்த கப்பலின் சாம்பல். 2006-இல் டார்டிஸை வைத்து டாக்டரே வரவழைத்தது. 2012-இல் பனிக்குப் பல் முளைத்திருக்கும்.